சாந்தக்பூ லேண்ட் ரோவரும் என் ஜீப்பின் ஷாக் அப்சார்பரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, லேக் மார்க்கெட்டில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மச்சினன் கோயமுத்தூரிலிருந்து கூப்பிட்டான்.

"மாமா, ஜீப்பை மூணு இஞ்ச் தூக்கிட்டேன். ஷாக் மட்டும் பாக்கி. எந்தக் கம்பெனி போட்டா ஆயுசுக்கும் வரும்?"

பழைய மஹிந்திரா ஒன்றை வாங்கி ஆறு மாதமாக அதோடுதான் குடித்தனம். பொங்கல் லீவுக்கு என் மாமியாரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு சூரியநெல்லி வழியாகக் கொழுக்குமலைக்குப் போகத் திட்டம். அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஜீப் தவிர வேறு எதுவும் ஏறாது. ஜீப்பும் அழுதுகொண்டேதான் ஏறும்.

"கம்பெனி பேரை அப்புறம் சொல்றேன் மாப்ள. முதல்ல ஒரு இஞ்ச் டேப் எடுத்து வச்சுக்கோ" என்றேன். அவனுக்குக் கோபம். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று போனில் விளக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் விஷயம் குதிரை வண்டியில் போய் நிற்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கூட வாருங்கள்.

(நம்மூர் மெக்கானிக்குகள் பாதிப் பேர் இதை "ஷாக் அப்சர்வர்" என்பார்கள். குழியை வேடிக்கை பார்க்கும் அதிகாரி போல. பல வண்டிகளில் அது செய்வதும் அதைத்தான் :-) )

கல்கத்தாவுக்கு வந்தவர்கள் விக்டோரியா மெமோரியல் பக்கம் ஜிகினா கட்டிய குதிரை வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை குழந்தைகளை ஏற்றிவிடும்போது வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். முட்டை வடிவில் இப்படி ஸ்பிரிங் அமைத்து இங்கிலாந்தில் ஒபதியா எலியட் என்பவர் 1804-ல் காப்புரிமை வாங்கினார். ஷாக் அப்சார்பர் என்று தனியாக எதுவும் கிடையாது. தேவையும் இல்லை. ஏனென்றால் ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலே ஆட்டத்தை அடக்கிவிடும். குதிரை ஓடும் வேகத்துக்கு அது போதும்.

மோட்டார் வந்ததும் போதவில்லை. ஸ்பிரிங் குழியில் வாங்கிய அடியை வைத்துக்கொள்ளத் தெரியாத ஆசாமி. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி பந்து மாதிரி துள்ளினால் சக்கரம் பாதி நேரம் காற்றில். காற்றில் இருக்கும் சக்கரத்துக்கு பிரேக் ஏது, ஸ்டியரிங் ஏது? 1900-களின் தொடக்கத்தில் பிரான்சில் த்ரூஃபோ என்பவர் இரண்டு கைகளுக்கு நடுவே உரசும் வட்டுகளை வைத்து அதை அடக்கினார். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் அதை வியாபாரமாக்கினார். பிறகு பிரெஞ்சுக்காரர் ஊதாய் எண்ணெயைக் கொண்டுவந்தார். சின்ன ஓட்டை வழியே எண்ணெயை நெருக்கினால் ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிவிடும். இன்றுவரை எல்லா ஷாக்கும் செய்வது இந்த ஒரே வேலைதான். ஆட்டத்தை வாங்கி, எண்ணெயைச் சுட வைத்து, சூட்டைக் காற்றில் விடுவது.

இதை மட்டும் மனதில் வையுங்கள். ஷாக் வண்டியைத் தாங்குவதில்லை. தாங்குவது ஸ்பிரிங். "கனமான ஷாக் போட்டா வண்டி தூக்கி நிக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இப்போது நாம் பார்க்கும் நீளக் குழாய் வடிவத்தைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானது அமெரிக்காவின் மன்ரோ. அந்தக் கம்பெனி 1916-ல் ஆரம்பித்தது டயருக்குக் காற்றடிக்கும் பம்பு செய்ய! குழாய், உள்ளே பிஸ்டன். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று நினைத்துப் பார்த்தால் பெரிய தூரமில்லை. 1926-லிருந்து அவர்கள் ஷாக் பக்கம் வந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் ஜீப்பின் அடியில் இருந்ததும் மன்ரோதான்.

அந்த ஜீப்தான் நம் கதையைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவருகிறது.

போர்க்காலத்தில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தார்கள். பர்மாவை ஜப்பான் பிடித்தபின், சீனாவுக்குச் சரக்கு அனுப்ப அசாமின் லேடோவிலிருந்து காட்டையும் மலையையும் வெட்டி ஒரு சாலை போட்டது அமெரிக்க ராணுவம். 1942 டிசம்பரில் ஆரம்பித்து 1945 ஜனவரியில் முடித்தார்கள். லேடோவிலிருந்து குன்மிங் வரை 1,079 மைல். அதற்கான சரக்கும் வண்டியும் பெருமளவு கல்கத்தா துறைமுகத்தில் இறங்கித்தான் ரயிலேறின. நகரம் முழுக்க அமெரிக்கச் சிப்பாய்கள். போர் முடிந்ததும் அவர்கள் கப்பலேறிவிட்டார்கள்; வண்டிகளை யார் திருப்பிக் கொண்டுபோவது? ஏலம்தான்.

கல்கத்தாவில் மல்லிக் பஜார் என்றால் பழைய வண்டிச் சாமான். பார்க் ஸ்ட்ரீட் முனையில் தொடங்கி உள்ளே சந்து சந்தாகப் போகும். கொஞ்சம் தள்ளி ஜி.டி. ரோட்டில் பானாகர். போர்க்கால விமானத்தளம் இருந்த ஊர். ராணுவம் கழித்த வண்டிகளையும் உதிரிகளையும் விற்கும் கடைகளுக்குப் பேர்போனது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர்கள் சங்கீதக் கச்சேரிக்குப் போக, அடியேன் மல்லிக் பஜாரில் கறுப்பு கிரீஸ் கையோடு திரிவேன். வீட்டில் அதற்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டியதில்லை.

போரில் மிஞ்சிய ஜீப் இங்கிலாந்திலும் ஒரு வேலை செய்தது. ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்ஸி தீவில் இருந்த தன் பண்ணையில் அப்படி ஒரு ஜீப்பை வைத்திருந்தார். இது போனால் வேறு எதை வாங்குவது என்ற யோசனையில் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளியே வந்தது. பெட்டி மாதிரி சேஸி, அலுமினியக் கலவை உடம்பு, நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், கூடவே குழாய் ஷாக். 1950-களில் டார்ஜிலிங் பக்கத் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் அதை வரவழைத்தார்கள் என்பது அங்கே வழங்கும் வரலாறு. துரைமார்கள் போனார்கள். வண்டிகள் மானேபஞ்ஜங் என்ற சின்ன ஊரில் தங்கிவிட்டன. 2018-ல் லேண்ட் ரோவர் தன் 70-வது ஆண்டைக் கொண்டாடியபோது, உலகத்தையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஊரைத் தேடி வந்து படமெடுத்தது.

மானேபஞ்ஜங்கிலிருந்து சாந்தக்பூ ஏறக்குறைய 31 கிலோமீட்டர். சாந்தக்பூ 3,636 மீட்டர் உயரம், மேற்கு வங்காளத்தின் உச்சி. வானம் தெளிந்தால் காஞ்சன்ஜங்காவும் தூரத்தில் எவரெஸ்டும். இப்போது சாலையின் கணிசமான பகுதிக்கு காங்கிரீட் போட்டுவிட்டார்கள், பொலேரோக்கள் போகின்றன. நாங்கள் போன 2008-ல் அது சாலை அல்ல. தேங்காய் அளவு கற்களைக் கொட்டிச் சரிவில் அடுக்கிய ஒரு யோசனை. அவ்வளவுதான்.

அந்த லேண்ட் ரோவரில் நாங்கள் ஏற நேர்ந்ததே என் புத்திசாலித்தனத்தால்.

என்னிடம் அப்போது பழைய எம்.எம். 540 ஜீப் ஒன்று இருந்தது. நானும் மச்சினன் மாதிரியே மூன்று இஞ்ச் தூக்கினேன்: ஒரு கூடுதல் பட்டை, நீளமான ஷாக்கிள். (நீள ஷாக்கிள் போட்டால் முன் ஆக்ஸிலின் சாய்வு மாறி ஸ்டியரிங் அலையும். அதையும் யாரும் சொல்லவில்லை.) கேரேஜில் "ஹெவி டியூட்டி" என்று விலை உயர்ந்த ஷாக் நான்கு போட்டார்கள். எந்தக் கேரேஜ் என்பது வேண்டாம். தவறு அவர்களுடையது பாதி, கேட்காத என்னுடையது பாதி. பூஜா விடுமுறையில் அம்மா, மனைவி, ஆறு வயது மகளோடு சிலிகுரிக்குக் கிளம்பினோம். அன்றைய தேசிய நெடுஞ்சாலை 34-ஐப் பற்றித் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடலாம்.

டால்கோலா தாண்டி இஸ்லாம்பூர் வரும்போது முன்பக்கம் "டொக்" என்று ஒரு சத்தம். கல் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் எதிரே ஒரு லாரி திரும்ப, பிரேக்கை மிதித்தால் கால் தரைவரை போனது. பெடல் இல்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாலையோரம் காயப்போட்டிருந்த சணல் குச்சிக் குவியலில் கொண்டுபோய்ச் சொருகினேன். யாருக்கும் ஒன்றும் இல்லை. அம்மா மட்டும் "வண்டியைத் தூக்குனது எதுக்குப்பா?" என்று கேட்டார். பதினைந்து வருஷத்துக்கு மேலாகியும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்து சிலிகுரி போனபின்தான் அடியில் படுத்துப் பார்த்தேன். முன் வலது ஷாக்கின் கீழ் வளையம் பிய்ந்து தொங்கியது. பிரேக் ஹோஸ் இழுபட்டுக் கிழிந்திருந்தது. ஷாக்குக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

இப்படித்தான். தூக்குவதற்கு முன் வண்டி நிற்கும்போது ஷாக்கின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவே சுமார் 14 இஞ்ச். அந்த ஷாக் முழுசாக நீண்டால் 18 இஞ்ச். ஆக, சக்கரம் குழியில் இறங்க நாலு இஞ்ச் இடம். மூன்று இஞ்ச் தூக்கியதும் நிற்கும்போதே 17. புது ஷாக் உறுதியில்தான் ஹெவி. நீளம் அதே 18. மிச்சம் ஒரே இஞ்ச். ஒவ்வொரு குழியிலும் சக்கரம் கீழே இறங்கப் பார்க்க, ஷாக் அதைப் பிடித்து நிறுத்தியது. ஆட்டத்தை அடக்கும் கருவியை ஆக்ஸிலைக் கட்டும் கயிறாக்கிவிட்டோம். நானூறு கிலோமீட்டருக்கும் மேல் தாங்கியது, வளையம் பிய்ந்தது. பிய்ந்த மறுகணம் ஆக்ஸில் அதுவரை போகாத ஆழத்துக்கு இறங்கியது. அங்கே அடுத்த கயிறு பிரேக் ஹோஸ். அதுவும் பழைய நீளம்தான்.

ஷாக் இன்னும் மட்டமானதாக இருந்திருந்தால் கல்கத்தாவிலேயே பிய்ந்திருக்கும், நாங்கள் டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போயிருப்போம். நல்ல ஷாக் என்பதால்தான் நெடுஞ்சாலை வரை வந்தது!

ஜீப்பைச் சிலிகுரியில் விட்டுவிட்டு வாடகைக் காரில் மானேபஞ்ஜங். அங்கிருந்து என்னைவிட வயதான ஒரு லேண்ட் ரோவர். ஒரிஜினல் இன்ஜின் எப்போதோ போய், மஹிந்திரா டீசல் உட்கார்ந்திருந்தது. அங்கே நிறைய வண்டிகள் அப்படித்தான். நேபாளி பேசும் பெரியவர் ஒருவர் ஓட்டினார். எல்லோரும் "தாஜு" என்று அழைக்க நாங்களும் அப்படியே அழைத்தோம். கைரிபாஸில் டீக்கு நிறுத்தியபோது அவர் டீயைத் தொடாமல் முதலில் குனிந்து நான்கு ஷாக்கையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். கோயிலில் விளக்கைத் தொட்டுக் கும்பிடுவது போல இருந்தது. என்ன தாஜு என்றேன். மூன்று வெதுவெதுப்பாக இருக்கிறது, ஒன்று சில்லென்று இருக்கிறது, அது செத்துப்போய்விட்டது என்றார் அரைகுறை இந்தியில். எனக்கு வயிற்றைக் கலக்கியது. முந்தின நாள் அனுபவம் அப்படி. அவர் சிரித்தார். பட்டையைத் தட்டிக் காட்டி, "இது இருக்கே" என்றார்.

உண்மைதான். எட்டு பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் வண்டிக்கு, பட்டைகளின் உரசலே பெரும்பாலும் போதும். விக்டோரியா மெமோரியல் குதிரை வண்டி போலத்தான். வேகம் இல்லாத இடத்தில் சூடு இல்லை, சூடு இல்லாத இடத்தில் ஷாக் சீக்கிரம் சாவதில்லை. அவர்கள் வண்டி இத்தனை வருஷம் ஓடுவதற்கு நான் கண்ட காரணம் இதுதான்: மெதுவாகப் போகிறார்கள், தினமும் தொட்டுப் பார்க்கிறார்கள், எதையும் தன் அளவை மீறி இழுக்க விடுவதில்லை. பழைய இரும்பு நல்ல இரும்பு என்ற பேச்சில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

சரி, மச்சினனுக்கு வருவோம்.

அவன் பாதை இரண்டு விதம். கோயமுத்தூரிலிருந்து மலையடிவாரம் வரை நல்ல ரோடு, நல்ல வேகம். அப்புறம் கல். இரண்டுக்கும் ஒரே ஷாக் வேண்டும். கடையில் இரண்டு சாதி கிடைக்கும். பழைய சாதி, இரட்டைக் குழாய். உள்குழாயில் பிஸ்டன், வெளிக்குழாயில் மிச்ச எண்ணெயும் கொஞ்சம் காற்றும். விடாமல் குலுக்கினால் காற்றும் எண்ணெயும் கலந்து நுரைத்துவிடும், மோர் கடைந்த மாதிரி. நுரைக்கு எதிர்ப்பு இல்லை. ஷாக் தற்காலிகமாகச் செத்த மாதிரி. ஆறினால் உயிர் வரும். காற்றுக்குப் பதில் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்தவற்றில் இது குறைவு.

இரண்டாவது சாதி, ஒற்றைக் குழாய். பிரெஞ்சுப் பொறியாளர் தெ கார்போன் யோசித்தது. ஜெர்மனியின் பில்ஸ்டைன் அதை 1957-லிருந்து மெர்சிடஸ் கார்களுக்குக் கொடுத்தது. எண்ணெய்க்கும் வாயுவுக்கும் நடுவே ஒரு மிதக்கும் பிஸ்டன். வாயு 20 பார் அளவிலும் அதற்கு மேலும் அழுத்தத்தில். நுரைக்க வழியில்லை, எண்ணெய் நேரே வெளிச்சுவரைத் தொடுவதால் சீக்கிரம் ஆறும். வேகமாக ஓட்டுபவனுக்கு இதுதான். ஆனால் ஒரு கல் தெறித்து குழாய் நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் கொஞ்சம் நசுங்கினாலும் உள்ளே வேலை நடக்கும். விலை அதிகமானது எல்லா இடத்திலும் நெடுநாள் வரும் என்று சொல்ல முடியாததற்கு இது ஒன்றே போதும்.

கொழுக்குமலைக்கு, என்னைக் கேட்டால், குழாய் தடித்த, நைட்ரஜன் அடைத்த இரட்டைக் குழாய். இந்தியாவில் கேப்ரியல் 1961-லிருந்து ஷாக் செய்கிறது, நம்ம ஓசூரிலும் ஆலை இருக்கிறது. ஆஸ்திரேலிய, அமெரிக்கச் சரக்கும் வருகிறது. பெயரில் எனக்குப் பிடிவாதம் இல்லை. அடுத்த ஊரில் ரப்பர் புஷ் கிடைக்குமா என்பதில் பிடிவாதம் உண்டு. தண்டைச் சுற்றி ரப்பர் உறை இருந்தால் சேறு சேராமல் கழுவ வேண்டும். மணல் தண்டைக் கீறினால் அந்தக் கீறல் சீலை அறுத்து எண்ணெய் கசியும்.

ஆனால் இதெல்லாம் டேப்புக்கு அப்புறம். ஷாக்கைக் கழற்றிவிட்டு மூன்று அளவு எடுக்க வேண்டும். வண்டி சமதரையில் நிற்கும்போது போல்ட்டுக்குப் போல்ட். ஆக்ஸில் மேலே ரப்பர் கட்டையில் முட்டும்வரை அமுங்கும்போது ஒன்று. சேஸியை ஜாக்கியில் தூக்கி சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஒன்று. வாங்கும் ஷாக் மூடியிருக்கும்போது, முட்டும் அளவைவிட அரை இஞ்சாவது குட்டையாக இருக்கணும். இல்லையென்றால் ரப்பர் கட்டைக்கு முன்னால் ஷாக்கே முட்டி, தண்டு வளையும் அல்லது சேஸி பிராக்கெட் விரியும். நீண்டிருக்கும்போது தொங்கும் அளவைவிட நீளமாக இருக்கணும். இரண்டும் ஒரே ஷாக்கில் கிடைக்கவில்லையா, ரப்பர் கட்டையை உயர்த்து அல்லது பிராக்கெட்டை மாற்று. ஷாக் ரொம்பச் சாய்ந்து நின்றால் வேலை குறையும், அதையும் பார். சக்கரம் தொங்கும்போதே பிரேக் ஹோஸைக் கையால் தொட்டுப் பார், தளர்வாக இருக்கிறதா என்று. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பியும் பார்.

இன்னொன்று. வண்டியின் அடிப்படை அமைப்பை, தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாற்றிவிட்டு ஓட்டக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தூக்கிய வண்டி விபத்தில் மாட்டினால் இன்ஷூரன்ஸ்காரர் கை விரிக்க நல்ல வாய்ப்பு. பாட்டியை ஏற்றுகிறவன் இதையும் யோசிக்கணும். அந்த மூன்று இஞ்சை இறக்கிவிடு என்றுதான் நான் சொல்வேன். கேட்க மாட்டான், தெரியும்.

இதையெல்லாம் அவனுக்கு நீளமாக வாட்ஸப்பில் அனுப்பினேன். ரெண்டு நாள் பதிலே இல்லை. நேற்று ராத்திரி ஒரு போட்டோ வந்தது. ஜீப் ஜாக்கியில், சக்கரம் தொங்குகிறது, கிரீஸ் கையில் டேப் தெரிகிறது. கீழே எழுதியிருந்தான்: "மாமா, தொங்கும்போது 20.5. வாங்கி வச்ச ஷாக் 18. கடைக்காரர் திருப்பி எடுத்துக்குவாரா?"

மாமியாருக்குச் சூரியநெல்லியிலிருந்து அந்த ஊர் ஜீப்பிலேயே இடம் பிடித்துவிட்டதாக இன்று காலை மனைவி சொன்னாள்.